இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்ச் சம்பளக்காரன்

நல்லகாமன் எங்கள் ஜவுளிக்கடையில் பண்டல் கட்டுகிறவன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். பத்தொன்பது வருடமாகக் கோணி ஊசியும் சணல் நூலுமாக ஒரே தூணுக்கடியில் உட்கார்ந்திருந்தான். அவன் தைத்த பண்டல் லாரியிலிருந்து உருண்டு விழுந்தாலும் ஒரு தையல் விடாது. நான் அதே கடையில் கணக்கெழுதுகிறவன். அவன் சம்பளம் ஆயிரத்து நானூறு என்பது அவன் பெண்டாட்டிக்கு அடுத்தபடி எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்த காரியம் அப்படி.

செல்லூரில் ஒரு காம்பவுண்டில் ஒற்றை அறையில் குடியிருந்தான். ஒன்பது குடித்தனத்துக்கு ஒரு குளியலறை, அதற்கும் கதவு கிடையாது. வீட்டுக்காரம்மா சுந்தரம்மாள் ஆடி பிறந்தால் வாடகையில் ஐம்பது ரூபாய் ஏற்றிவிடுவாள். கதவைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவளுக்குக் காது கேட்காது. நல்லகாமன் கடைச் சாக்கைத் தைத்து ஒரு படுதா தொங்கவிட்டான். மகள் பாண்டியம்மாள் வயதுக்கு வந்த பிறகு அந்தப் படுதா போதவில்லை. காற்றடித்தால் தூக்கும். அவள் குளித்து முடிக்கிற வரை தாய் இருளாயி வெளியே நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்வாள். இருளாயி விடியுமுன் வேலைக்குப் போகிற நாட்களில் பிள்ளை குளிக்காமலே பள்ளிக்கூடம் போகும்.

தொண்ணூற்றேழில் விளாங்குடிப் பக்கம் அரசாங்கத்தில் ஏழைகளுக்கென்று வாடகைக் குடியிருப்பு கட்டினார்கள். மாதம் இருநூறு ரூபாய், ஐந்து வருடத்துக்கு ஒரு பைசா ஏற்றக்கூடாது என்று விதி. இருளாயி போய்ப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தாள்.

“அண்ணே, வீட்டுக்குள்ளயே குளிக்கிற ரூம் இருக்கு. தகரக் கதவு. உள்பக்கம் தாப்பாப் போட்டுப் பாத்தேன், கெட்டியா விழுகுது.”

வாடகையைப் பற்றி அவள் பேசவே இல்லை.

விண்ணப்பத்தோடு சம்பளச் சான்று கேட்டிருந்தார்கள். வாடகை கட்ட வக்கிருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். வேறு எதற்காக எந்த வீட்டுக்காரர் நம் சம்பளத்தைக் கேட்டிருக்கிறார்? முதலாளி நாகசுப்பிரமணியனும் அப்படித்தான் நினைத்தார்.

“ஆயிரத்து நானூறுன்னு எழுதுனா எவன்யா வீடு குடுப்பான்? ரெண்டாயிரத்து அறுநூறுன்னு போடு. நம்ம கடைக்கும் ஒரு மரியாதை வேணும்ல.”

எழுதினேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று கடையில் சொல்வார்கள். அன்றைக்குப் பார்த்து இன்னும் அழகாக எழுதித் தொலைத்தேன். நல்லகாமன் தாளை இரண்டு கையாலும் வாங்கி, “நெசமாவே இம்புட்டு வாங்குறாப்ல இருக்குண்ணே” என்று சிரித்தான்.

இரண்டு மாதம் கழித்துக் குடியிருப்பு அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன்.

“ரெண்டாயிரத்துக்கு மேல சம்பளம் வாங்குறவங்களுக்கு இதுல வீடு கிடையாதுங்க. விண்ணப்பத்துக்குப் பின்னாடியே போட்டிருக்கே” என்றார் அங்கிருந்த அதிகாரி.

திருப்பிப் பார்த்தேன். போட்டிருந்தது. பொடி எழுத்துக்கூட இல்லை.

“சார், நான் வாங்குறது ஆயிரத்து நானூறுதான் சார்.”

“அப்ப இதை யாரு எழுதுனது?”

நல்லகாமன் என் பக்கம் திரும்பவே இல்லை. “முதலாளி பிரியமா எழுதிக் குடுத்தாரு சார்” என்றான்.

அந்த மனிதர் கோபிக்கவில்லை. முதலில் கொடுத்தது தவறு என்று முதலாளியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் பார்க்கலாம் என்றார். வெள்ளிக்கிழமையோடு பட்டியலை மூடிவிடுவார்களாம்.

முதலாளியிடம் நான்தான் கேட்டேன்.

“பொய் எழுதுனேன்னு நானே கையெழுத்துப் போடணுமா, கண்ணுச்சாமி? நாளைக்கு வரி ஆபீஸ்லருந்து வந்து, கடையில வேற என்னென்ன பொய்யி எழுதியிருக்கன்னு கேட்டா?”

வியாழக்கிழமை மறுபடி கேட்டேன். தலை நிமிராமல் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை கேட்டிருக்கலாம். என் சம்பளமும் அவர் கையில்தான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் காரணம். வெள்ளிக்கிழமை போய்விட்டது.

சனிக்கிழமை முதலாளியே தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“வீடு போனாப் போகுது விடுப்பா. வேற எது வேணும்னாலும் கேளு, செய்றேன்.”

நல்லகாமன் ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு எழுந்தான்.

“ரெண்டு சாக்கு வேணும் மொதலாளி. பழசு கிழிஞ்சிருச்சு.”

“ரெண்டென்ன, நாலா எடுத்துக்க” என்றார் முதலாளி, மனசார.

அடுக்கிலிருந்து கிழியாத சாக்காக நான்கு பொறுக்கி எடுத்துவந்து நல்லகாமன் அங்கேயே தைக்க உட்கார்ந்தான்.

“இந்தத் தடவ ரெட்டையாத் தச்சுப்புடுறேண்ணே. காத்துக்குத் தூக்காது.”

நான் சணல் நூலை எடுத்துக் கொடுத்தேன்.