களத்து வரம்பில் கழற்றிய சப்பாத்து

கல்லடியில் என் மகள் வீட்டில் காலையில் வந்து இருந்து பாருங்கள், அந்த மணம் உங்களுக்கும் வரும். பேரனின் பள்ளிச் சப்பாத்துக்கு அவள் கறுப்புப் பொலிஷ் பூசுவாள். அவன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, பாண் துண்டைக் கடித்தபடி நிற்பான். டப்பா மூடி திறந்ததும் எனக்கு வவுணதீவு முகாம் வந்துவிடும். சிலருக்கு மல்லிகை மணத்தில் பழைய ஞாபகம் வருமாம். எனக்குச் சப்பாத்துப் பொலிஷில் வருகிறது, என் யோகம் அப்படி.

ஆமாம், நான் இலங்கை ஆமியில் இருந்தவன். சிரிக்காதீர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்புத் தமிழன் ஆமியில் இருந்தது அதிசயம்தான், ஆனால் நடக்காத காரியமில்லை. தெற்கிலே சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் துவக்குத் தூக்கிய வருடம் அது. தப்பி ஓடியவர்கள் காட்டு வழியாக வாவிக்கரைக்கு வரக்கூடும் என்று, எங்கள் பிரிவைக் கொண்டுவந்து வவுணதீவில் ஒரு மூடிய பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். எங்கள் வீட்டில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் நான். அது போனால் மறுபடி யாருடைய வயல் வட்டையிலாவது கூலிக்கு இறங்க வேண்டும்.

முகாமில் காலையில் பாலில்லாத பிளேன்டி, மத்தியானம் பருப்பு, இரவில் மத்தியானத்துப் பருப்பு. இடையில் மணல் மூட்டை அடுக்குவது. லெப்டினன்டுக்குப் பிடிக்காவிட்டால் பிரித்து வேறிடத்தில் அடுக்குவது. இரத்தம் குடிக்கிற நுளம்பு மட்டும் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. எனக்குப் பெரிய சண்டை சப்பாத்தோடுதான். இருபது வயது வரை சேற்றைத் தவிர வேறொன்றும் போடாத கால். கொடுத்த சோடியோ பெரியது. முன்னுக்குப் பத்திரிகைத் தாளைத் திணித்துக்கொண்டு தாரா வாத்து மாதிரி நடப்பேன். கோப்ரல் முதியான்சே, பொலன்னறுவைப் பக்கத்து ஆள், தினமும் குனிந்து பார்ப்பான். "இதில என்ட மூஞ்சி தெரியல்ல. திரும்பப் பூசு" என்று சிங்களத்தில் சொல்வான். அந்த மூஞ்சியைப் பார்க்க இத்தனை ஆசையா என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டு பூசுவேன்.

சிறுபோக அறுவடை நேரம். ஒரு வட்டையில் வைக்கோலுக்குள் துவக்கு ஒளித்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். லெப்டினன்ட் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். கொழும்பில் வளர்ந்தவர். கெட்ட மனிதர் இல்லை, நெல்லைச் சோறாக மட்டும் பார்த்தவர்.

போய் இறங்கினால் சூடடிக்கிறார்கள். எருமைகள் சுற்றிச் சுற்றிக் கதிரை மிதிக்கின்றன. எங்கள் பக்கத்தில் சூடடிக்கும் களம் கோயிலுக்குச் சமம். காணிக்காரப் போடியாரே செருப்பை வரம்பில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். கந்தப்பன் என்ற கமக்காரர் எருமைகளை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் தமிழன் என்று கண்டுகொண்டு, என்னிடமே வந்தார்.

"தேடுங்க மனே, நல்லாத் தேடுங்க. சப்பாத்தோட மட்டும் உள்ள வராதீங்க. புள்ளையளுக்கு இதுதான் சோறு."

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். லெப்டினன்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமில்ல. நீ முன்னால போ" என்றார்.

என் அப்பா இப்படியான களங்களில் எருமைக்குப் பின்னால் நடந்தே எங்களை வளர்த்தவர். நான் குந்தியிருந்து நாடாவை அவிழ்த்தேன்.

"என்ன செய்யிறாய்?"

"சப்பாத்துக் கழட்டுறன், சேர்."

"கட்டு. இது ஓடர்."

"தேடிப்போட்டு வந்து கட்டுறன், சேர்."

பொய் சொல்லமாட்டேன், வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் அவிழ்த்த நாடாவைத் திரும்பக் கட்ட மனம் வரவில்லை. அப்போது பக்கத்தில் பொத்தென்று ஒரு சப்பாத்து விழுந்தது. முதியான்சே. முகம் பார்க்கிற அந்தச் சப்பாத்தைப் புழுதி வரம்பில் கழற்றிப் போட்டுவிட்டு, "எங்கட ஊர்க் களத்திலயும் இப்பிடித்தான், சேர்" என்றான். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். எல்லாரும் வயல்காரர் பிள்ளைகள்தானே. லெப்டினன்ட் மட்டும் வரம்புக்கு வெளியே நின்றார்.

வைக்கோலை முழுக்கக் கிளறினோம். துவக்கு இல்லை. ஒரு எலிக் குடும்பமும் உடம்பெல்லாம் சொறியும்தான் கிடைத்தன.

வேலை போகவில்லை. எனக்கும் முதியான்சேக்கும் ஒரு கிழமை, ஏழு நாளும் உச்சி வெயிலில், துவக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஓட்டம். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்று லெப்டினன்ட் ஆள் அனுப்பினார். நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. ஓடும்போது மூச்சிரைக்க என் காலைப் பார்த்து, "பொலிஷ் காணாது" என்றான், சனியன். அன்றைக்குத்தான் அவனை எனக்குப் பிடித்தது.

இப்போது அந்த வட்டையில் களமே கிடையாது. இயந்திரம் இறங்கி, ஒரு பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் நெல்லை மூட்டையாக்கிவிடுகிறது. நானும் சில வருடங்களில் ஆமியை விட்டு வந்துவிட்டேன். என்னைப் போன்ற தமிழனுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. முதியான்சே உயிரோடு இருக்கிறானோ தெரியாது. அந்த லெப்டினன்ட் இருந்தால் தெரிந்துகொள்ளட்டும், இன்றைக்கும் நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

பிறகு வந்த சண்டைக் காலத்தில் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்குள், கோயில்களுக்குள் ஆமிக்காரரின் சப்பாத்துக் கால்கள் ஏறின. என் வீட்டுக்கும் வந்தன. வந்த ஒவ்வொரு முறையும் வாசலை மறித்து நின்று, "கழட்டிப்போட்டு வாங்க" என்று சிங்களத்திலேயே சொன்னேன். ஒரு முறை அதற்காகத் துவக்குப் பிடியால் தோளில் வாங்கினேன். அடுத்த முறையும் சொன்னேன். ஒருவனாவது குனிந்து நாடாவைத் தொடவில்லை.