றியாஸும் வீட்டு பஸ்ஸின் பிறேக்கும்

கடந்த சனிக்கிழமை காலை, றியாஸ் என் தலையில் கட்டிய வேலையைச் செய்துகொண்டு ஆலங்குடாவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். ஆசனத்தில் கிடந்த தொலைபேசி மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. கையெல்லாம் கரி. துடைத்துக்கொண்டு வந்து எடுத்தேன். றியாஸின் மனைவி அழாமல் மரணச் செய்தி சொன்னார். "நானா, இவர் மௌத்தாயிட்டார். சிலாபம் ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வாறாங்க. நீங்க வந்திருங்க." வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

உங்களில் பலருக்கு றியாஸ், குறிஞ்சிப்பிட்டியில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக். சிறு வயதில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்த குடும்பம். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் எங்கள் கடலுக்கு வரத் தொடங்கியபோது, என் முதலாளி ஒரு பழைய டீசல் பஸ்ஸை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் குளியலறையும் வைத்து அதை வீட்டு பஸ்ஸாக்கினார். அதில் ஆட்களை மலைநாட்டுக்குக் கூட்டிப்போவது என் வேலை. பஸ்ஸைப் பார்த்துக்கொள்வது றியாஸின் வேலை. என்னைவிட ஒன்பது வயது இளையவர்; அண்ணன் என்ற முறையில் என்னை 'நானா' என்பார். 'அகதிக் கேம்ப்பில் இருந்து வந்தவன் எனக்குப் புத்தி சொல்வதா' என்ற திமிர் எனக்கு அப்போது இருந்தது. இன்று அதை எழுதக் கை கூசுகிறது.

எங்களுக்குள் முதல் சண்டை எக்ஸோஸ்ட் பிறேக்கால் வந்தது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்க்குள் ஒரு தகடு இருக்கும். சுவிச்சைப் போட்டால் அது குழாயை மூடும். போக வழியில்லாத புகை எஞ்சினை அமுக்க, பஸ் தானாக வேகம் குறையும். நீண்ட இறக்கத்தில் கால் பிறேக் சூடேறாமல் காப்பது அதுதான். எங்கள் பக்கத்திலோ உப்புக் குவியலைவிட உயரமான மேடு கிடையாது. அதனால் இங்குள்ள சாரதிகள் யாரும் அதைத் தொடுவதில்லை. தொடாமல் விட்டால் கரியும் உப்புக்காற்றும் சேர்ந்து தகட்டை இறுக்கிவிடும். "நானா, சும்மா கிடந்தாத்தான் இது சாகும்," என்பார் றியாஸ்.

ஆகவே சனிக்கிழமை தோறும் ஒரு சடங்கு. எஞ்சின் ஆறியிருக்கும்போது சில்லு உருளாமல் கட்டை வைத்து, அடியில் படுத்து, தகட்டை இழுக்கும் கம்பியைக் கையால் அசைத்துப் பார்த்து, அச்சுக்கு எண்ணெய் விட வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் சுவிச்சைப் போட, மற்றவர் கீழிருந்து கம்பி முழுதாக நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவிச்சைப் போட்டதும் சாரதிக்கு முன்னால் ஒரு விளக்கு எரிகிறதே, போதாதா என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவர் சிரித்தார். "விளக்கு சுவிச்சுக்குத்தான் எரியிது நானா. தகடு மூடினதா இல்லையா எண்டு அதுக்கு என்ன தெரியும்?"

ஒரு சனிக்கிழமை அவர் புத்தளத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். அடுத்த நாள் பயணம். தொலைபேசியில் கேட்டார்: "நானா, அடியில போய்ப் பாத்தீங்களா?" நான் தோய்த்த வெள்ளைச் சாரம் கட்டியிருந்தேன். மணலில் படுக்கச் சோம்பல். இருந்த இடத்திலிருந்து சுவிச்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. "ஓம், பாத்துட்டன்," என்றேன்.

நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது, நல்ல வேளை, பயணிகள் ரயிலில் போயிருந்தார்கள். பஸ்ஸில் நானும், பயணத்துக்கு வந்து சேர்ந்த றியாஸும்தான். சுவிச்சைப் போட்டேன். விளக்கு அழகாக எரிந்தது, பஸ் வேகம் குறைகிற பாடாய் இல்லை. வளைவுக்கு வளைவு கால் பிறேக்கை மிதித்து, கடைசியில் தீய்ந்த மணம் வந்து, மிதிகட்டை உள்ளே போய்விட்டது. மலைப் பக்கத்து மண்ணில் உரசினேன். வேகம் கொஞ்சம் குறைந்ததும் றியாஸ் சில்லுக்கு வைக்கும் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்தார். முதல் தடவை கட்டை தெறித்தது. ஓடி எடுத்து மறுபடி வைத்தார். பஸ் நின்றது. கட்டைக்கும் சில்லுக்கும் நடுவில் அவருடைய வலது பாதம்.

தெருவில் இரத்தத்தோடு உட்கார்ந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நானா, சனிக்கிழமை அடியில போய்ப் பாத்தீங்கதானே?"

"ஓம்," என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வந்து, அதுவரை யாரும் தொடாத அந்தக் குழாயை அவரே கழற்றினார். தகடு திறந்தபடி இறுகிக் கிடந்தது. அச்சில் புது எண்ணெய் பட்ட அடையாளமே இல்லை. அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். முதலாளி வந்து இது யாருடைய வேலை என்று அதட்டினார். "நான்தான் பாக்காம விட்டுட்டன்," என்றார் றியாஸ். பக்கத்தில் நின்ற நான் நிலத்தைப் பார்த்தேன். முதலாளி போனபின் சொன்னார்: "உங்கட லைசன்ஸ் போனா நீங்க என்ன செய்வீங்க நானா? எனக்குக் கராஜ் இருக்கு. இந்தக் கதைய இனி எடுக்கமாட்டன். சனிக்கிழமைய மட்டும் விட்டுடாதீங்க."

றியாஸின் கவனக்குறைவு என்று கதை பரவியதும் கராஜுக்கு வருகிற வாகனங்கள் குறைந்தன. பாதத்துப் புண் முழுதாக ஆறவேயில்லை. சீனி வியாதியும் சேர்ந்துகொள்ள, போன வருடம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். விஷம் மேலே ஏறி இப்போது ஆளையே கொண்டுபோய்விட்டது. பார்க்கப் போகும்போதெல்லாம் பஸ்ஸைப் பற்றித்தான் விசாரிப்பார். ஒரு நாளாவது வாய் திறந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்கலாம் என்றே ஆண்டுகளை ஓட்டிவிட்டேன்.

அடக்கத்துக்கான ஜனாஸாத் தொழுகைக்கு முன் நம் வழக்கப்படி றியாஸின் தம்பி எழுந்து நின்று கேட்டார்: "எங்கட நானா யாருக்கும் குறை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கங்க." மன்னித்தோம் என்று எல்லோரும் சொன்னீர்கள். முதலாளி மட்டும் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னார்: "அந்த பஸ் விசயத்தையும் மன்னிச்சிட்டன்." நல்ல மனதோடுதான் சொன்னார். நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அவருடைய எண்ணெய்க் குப்பி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் என் மனைவி ஆசனத்தில் இருந்து சுவிச்சைப் போடுகிறாள், நான் அடியில் படுத்துக் கம்பியைப் பார்க்கிறேன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அவளுக்கும் இதை வாசித்துத்தான் தெரியவரும். அன்று வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் மன்னித்த அந்தக் குறை றியாஸுடையது அல்ல. பஸ்ஸுக்கு அடியில் போகாதவன் நான்.