ஒன்பது பியோனியும் ஒரு நேர்த்தியும்

இந்த நாட்டில் உதிர்ந்த இலையைக் கூட்டுவதில்லை, ஊதுகிறார்கள். முதுகில் இயந்திரத்தைக் கட்டி, காதை அடைத்துக்கொண்டு, குழாயை நீட்டி, மாடு சாய்ப்பதுபோல இலைகளை ஒரு மூலைக்குச் சாய்க்க வேண்டும். மெல்பேர்னுக்கு வந்த ஆறாவது வருடம் அந்த இயந்திரம் என் முதுகிலும் ஏறியது. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கதிரையில் இருந்து வேலை பார்த்தவள் நான். என் கணவர் இங்கே கோழித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய ட்ரெய்லரை வாங்கினார். அன்றிலிருந்து, இங்கே இலை கொட்டும் மே மாதம் பிறந்தால் நாங்கள் இருவரும் டண்டினோங் மலைப்பக்கம் ஏறி, வீடுகளிலும் கடைகளிலும் முற்றம் துப்புரவாக்குகிறோம். "அவுஸ்திரேலியா போயும் முற்றம் கூட்டுறியளோ?" என்று போனில் என் அக்கா சிரித்தாள். சிரிக்கட்டும். கோழிக்குச் சிறகு பிடுங்குவதை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

எங்களை நம்பி வீட்டுத் திறப்பைத் தந்த முதல் ஆள் ஹெலன். எழுபது வயது, தனி ஆள். அவள் சொல்லித்தான் அதே தெருவின் மிருக வைத்தியசாலையும் கேக் கடையும் எங்களுக்குக் கிடைத்தன. போன ஜூன் மாதம், இரண்டு நாள் மகள் வீட்டுக்குப் போகிறேன், இலைகளை அள்ளி, கூரையில் மழைத்தண்ணி ஓடும் பீலியையும் துப்புரவாக்கி விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கேட்டது அவ்வளவுதான். நான் அவ்வளவோடு நிற்கவில்லை.

அது என் மாமியார் வளர்த்த வியாதி. அவ கண்ணுக்குத் துப்புரவு என்றால் வெறும் மண். ஒரு சருகு கிடக்கக் கூடாது. ஈர்க்குமாற்றின் தடம் வரிவரியாகத் தெரிய வேண்டும். கூட்டினவள் அந்த வரியில் கால் வைக்காமல் பின்பக்கமாக நடந்து வெளியே வர வேண்டும். ஹெலனின் வேலியோரப் பாத்தியில் கறுத்த குச்சிகள் ஒன்பது குத்தாக நின்றன. ஒன்றை ஒடித்துப் பார்த்தேன், மளுக்கென்று முறிந்தது. எங்களுக்கு அது விறகு. பாவம் கிழவி, செத்த செடியைப் பிடுங்கவும் ஆளில்லை என்று இரங்கி, தோட்டத்து முள்ளு மண்வெட்டியால் கிண்டி ஒன்பதையும் வேரோடு எடுத்து ட்ரெய்லரில் எறிந்தேன். பாத்தியை வரிவரியாக வாரிவிட்டு, பின்பக்கமாக நடந்து வந்தேன். அன்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. ஹெலன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "மை பியோனீஸ்... வேர் ஆர் தே?" என்று மட்டும் கேட்டாள். அவை பியோனி என்ற பூச்செடிகள். அவளுடைய தாயின் தோட்டத்திலிருந்து வந்தவை. நவம்பரில் மகளுக்குக் கலியாணம், மகளின் கைப்பூச்செண்டு அந்தப் பாத்தியிலிருந்துதான் வரவிருந்தது.

நல்ல காலம், குப்பைமேடு திங்கட்கிழமைதான் திறக்கும். ட்ரெய்லர் எங்கள் வாசலில் குவியலோடு நின்றது. இருவரும் அதற்குள் ஏறி, நனைந்த இலைகளைக் கையால் கிளறினோம். விரல்கள் விறைத்துப் போயின. ஒன்பது வேர்க்கிழங்கும் கிடைத்தன, இரண்டு பிளந்து கிடந்தன. அப்படியே மலைக்கு ஓடினோம். ஹெலன் மண்ணில் முழங்காலிட்டு, கிழங்கில் இருந்த சிறிய சிவப்பு முளைக்கண்களை எனக்குக் காட்டினாள். "நாட் டெட், லவ். ஜஸ்ட் ஸ்லீப்பிங்." நான் "சொறி, சொறி" என்றேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை, அழுகைதான் வந்தது. மூன்று பேருமாகத் திரும்ப நட்டோம். முளைக்குமா என்று கேட்டேன். பியோனிக்கு இடம் மாற்றினால் பிடிக்காது, கோபித்துக்கொள்ளும், பார்ப்போம் என்றாள்.

திரும்பும் வழியில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வண்டியை விடச் சொன்னேன்.

"ஏனப்பா, இந்தச் சேத்து உடுப்போடையோ?" என்றார் இவர்.

"வாசலிலை நிண்டு கும்பிடுறன். ஒன்பதும் முளைச்சால் ஒன்பது தேங்காய் உடைக்கிறன் எண்டு பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கப் போறன்."

"வெள்ளைக்காரியின்ரை பூக்கண்டுக்கு நேர்த்தியோ? இஞ்சேரும், பிள்ளையாருக்குப் பியோனி எண்டால் என்னெண்டு தெரியுமோ?"

"எனக்கே நேற்று வரைக்கும் தெரியாது. விடுங்கோ வண்டியை."

வாசலில் கைகூப்பியதும் ஊர்ப் பிள்ளையார்தான் கண்முன்னே வந்து நின்றார். ஏற்கெனவே ஒரு நேர்த்தி முடிக்காமல் கிடக்கிறது. புறப்பட்ட அன்று எங்கள் ஊர்ப் பிள்ளையாரிடம், இருவரும் உயிரோடு போய்ச் சேர்ந்தால் திரும்பி வந்து நூற்றெட்டு மோதகம் அவிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்து சேர்ந்தோம். விசா முடிவுதான் இன்னும் வரவில்லை, வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. ஊர்ப் பிள்ளையாரும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஹெலனின் வேலியை எட்டிப் பார்த்தேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு சிவப்பு மூக்கு மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் நின்று இவரைக் கூப்பிட்டுக் கத்தினேன், நாயோடு நடந்து வந்த ஒருவர் பயந்து விலகிப் போனார். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வந்தன. பிளந்த இரண்டும் வரவில்லை. கலியாணத்துக்கு நான்கு பூ விரிந்தது. மிச்சத்தைக் கடையில் வாங்கிச் சேர்த்தார்கள். பூச்செண்டின் படத்தை ஹெலன் போனில் அனுப்பியிருந்தாள். மணமகளின் முகத்தை நான் பிறகுதான் பார்த்தேன்.

ஒன்பதும் முளைக்கவில்லையே, அப்படியென்றால் நேர்த்தி செல்லாது என்று இவர் சட்டம் பேசினார். நான் ஏழு தேங்காய் உடைத்தேன். மீதி இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பிள்ளையாரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது மறுபடியும் ஜூன். போன கிழமை ஹெலன் வீட்டுக்கு இலை ஊதப் போனோம். திறப்பு வழக்கமான பூச்சட்டிக்கு அடியில் இருந்தது. பாத்தியில், நான் கை வைக்காதபடி, ஒவ்வொரு பியோனிக்கும் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டிய ஒரு குச்சி. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. முளைக்காத இரண்டுக்கும் குச்சி நட்டிருக்கிறாள். போனில் கேட்டதற்கு, சில நேரம் ஒரு வருடம் கோபித்துக்கொண்டு கிடந்துவிட்டு வரும் என்றாள்.

ஊரில் இருப்பவரும் கேரம் டவுன்ஸில் இருப்பவரும் ஒரே பிள்ளையார்தான் என்பார் இவர். எனக்கென்னவோ அவர்கள் இரண்டு பேர்தான். ஆறேழு வருடமாக விளக்கேற்றும்போது முதலில் ஊர்ப் பிள்ளையாரிடம் மோதகத்துக்குத் தவணை கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை. இன்று காலை கைகூப்பியதும் வாயில் முதலில் வந்தது அந்த இரண்டு குச்சிகளின் கதைதான். பாதியில் நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஊர்ப் பிள்ளையாரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.