பதினொன்றை ஐந்தாக்கிய புண்ணியவான்

சிம்ப்ளிஃபை என்ற சொல்லைப் பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கணக்கு டீச்சருக்கு அதுதானே பிழைப்பு. அதே சொல்லை ஒருத்தர் என் அக்கா தலையில் கட்டியபோது, என் சாமானை யாரோ கேட்காமல் எடுத்துக் கெடுத்துவிட்ட மாதிரி எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

அக்கா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆபரேஷன் முடிந்து ரத்தத்தோடு வருகிற கத்தரிக்கோல், இடுக்கி, கொக்கி எல்லாவற்றையும் கழுவி, கிருமி நீக்கி, அடுத்த ஆபரேஷனுக்குக் கட்டி அனுப்புகிற அறை அவளுடையது. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டிகள், மறு பக்கம் நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆளுயரப் பெட்டி. இருபத்திரண்டு வருஷம் அங்கே நின்றே அவள் கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டது.

வீட்டில் பால் பாக்கெட் வெட்டக் கத்தரிக்கோல் எடுத்தாலும் அகல விரித்து, இரண்டு அலகும் சேரும் மூட்டை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவாள். "பாலுக்கும் ஆபரேஷனா?" என்று கிண்டல் செய்வேன். "அழுக்கெல்லாம் மூட்டுலதான்டி போய் உக்காந்துக்கும்" என்பாள்.

அவள் வேலைக்குப் பதினோரு படிகள். ஊறப் போடுவது, மூட்டை விரித்துத் தேய்ப்பது, அலசுவது, காற்றடித்து உலர்த்துவது, லென்ஸ் விளக்கில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது, இன்னொரு ஆள் எண்ணிச் சரிபார்ப்பது என்று போகும். ஒவ்வொரு படிக்கும் தாளில் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. செய்யாத படிக்கு அவள் கையெழுத்து விழுந்ததே இல்லை.

போன வருஷம் ஒரு புது நிர்வாகி வந்தார். வந்த வாரமே கேன்டீன் பலகையில் பாதிப் பலகாரத்தை அழித்தார், வாசலில் இரண்டு காவலாளியை ஒருவராக்கினார். ஊழியர்கள் அவருக்கு 'சுருக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுருக்கு ஒருநாள் அக்கா அறைக்கு வந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"என்னம்மா இது, ராமாயணம் மாதிரி. சிம்ப்ளிஃபை பண்ணிடலாம்."

இரண்டு நாளில் புதுத் தாள் வந்தது. ஐந்தே கட்டம். அடியில் ஒரே ஒரு கையெழுத்துக்கு இடம், அதற்கு மேல் பொடி எழுத்தில் 'அனைத்துக்கும் நானே பொறுப்பு' என்று ஒரு வரி.

"மூட்ட விரிச்சுத் தேய்க்கிறது எங்க சார்?" என்று கேட்டிருக்கிறாள் அக்கா.

"மெஷின் கழுவிடும்மா."

"லென்ஸ்ல பாக்குறது?"

"மெஷினே கழுவுது, அப்புறம் பாக்க என்ன இருக்கு? இன்னொரு ஷிப்ட்ல கையெழுத்துப் போட்டு வேலையே ஆரம்பிச்சாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுடுங்க. இல்லன்னா இந்த அறைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலம் அந்தத் தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "சிம்ப்ளிஃபைன்னா என்னடி அர்த்தம்? நீதானே தினம் எழுதிப் போடுற" என்றாள்.

கரன்ட் பில் உறையின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். எட்டில் ஆறு என்பதை நாலில் மூன்று என்று சுருக்கலாம். பார்க்கச் சின்னதாகும், மதிப்பு மாறாது. மாறினால் அதற்குப் பெயர் சிம்ப்ளிஃபை இல்லை, தப்பு. பிறகு என் வகுப்பில் வருஷா வருஷம் நடக்கிற கூத்தையும் சொன்னேன். மேலே ஆறு கூட்டல் மூன்று, கீழே மூன்று. மேலேயும் மூன்று இருக்கிறது, கீழேயும் மூன்று இருக்கிறது என்று இரண்டையும் சரக்கென்று அடித்துவிட்டு, விடை ஆறு என்று சிரித்த முகத்தோடு கொண்டுவந்து காட்டுவார்கள். உண்மையில் ஒன்பதை மூன்றால் வகுத்தால் மூன்று.

"அடிச்சது தப்புன்னு அவங்களுக்கு எப்படிப் புரியவைப்ப?"

"புரியவைக்க மாட்டேன். ரெண்டையும் தனித்தனியா போட்டுப் பாருன்னு சொல்லுவேன். விடை ஒத்து வரலைன்னா தானா வாயை மூடிப்பாங்க."

அக்கா உறையை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் கூட்டம். தலைமை அறுவை மருத்துவர் அம்மாவும் இருந்தார். சுருக்கு திரையில் படம் போட்டு, எவ்வளவு நேரம் மிச்சம் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து போய் மேஜையில் இரண்டு பொட்டலங்களை வைத்தாள். ஒன்று அவள் பதினோரு படியில் கட்டியது. இன்னொன்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ஷிப்ட் ஐந்து படியில் கட்டி, மறுநாள் ஆபரேஷனுக்கென்று அலமாரியில் வைத்திருந்தது. இரண்டின் மேலும், சூடு பட்டால் கோடு கறுக்கும் டேப் ஒழுங்காகக் கறுத்திருந்தது. வெளியே பார்த்தால் அக்கா தங்கச்சி மாதிரி.

தன் பொட்டலத்து இடுக்கியை விரித்து வெள்ளைத் துணியில் மூட்டைத் தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. மற்றப் பொட்டலத்து இடுக்கியைத் தேய்த்தாள். பழுப்பாய் ஒரு கோடு விழுந்தது. யாரோ ஒருவருடைய காய்ந்த ரத்தம்.

"ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும்மா" என்றார் சுருக்கு.

"அந்த ஒண்ண உங்க வீட்டு ஆளுக்குன்னு எடுத்து வைக்கட்டுமா சார்?"

மருத்துவர் அம்மா துணியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மறுநாள் ஆபரேஷன்கள் அத்தனையையும் அங்கேயே தள்ளிவைத்தார். பதினோரு படியும் திரும்பி வந்தது.

அக்காவுக்கு என்ன கிடைத்தது? அனுமதி இல்லாமல் கிருமி நீக்கிய பொட்டலத்தைப் பிரித்துப் பாழாக்கினாள் என்று ஒரு கடிதம். துணி அறைக்கு மாற்றல். பதினோரு கட்டம் போட்டு வந்த புதுத் தாளின் தலைப்பில் 'மேம்படுத்தியவர்' என்று சுருக்கின் பெயர், அடியில் அதே பொறுப்பு வரி. படித்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இங்கே எழுத முடியாது, நான் டீச்சர்.

ஒரு மாதம் கழித்து, என் வீட்டில் அவள் மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத் துணி அறைக்குப் போனேன். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தோடு ஓரம் அப்படியே ஒட்டியது. அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் மூக்குக்கு மேல் கோபம்.

"உனக்குக் கோவமே வரலையா?"

"பதினொண்ணும் இருக்குல்ல, அது போதும்" என்றாள். "என்னைக் கோடு போட்டு அடிச்சிட்டாங்க, சரி. விடை மாறலையே. நீ சொல்லிக்கொடுத்த கணக்குதானே."

என் கணக்கை என்னிடமே திருப்பினால் சும்மா விடுவேனா? "மாறலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? போட்டுப் பாத்தியா?"

அக்கா கையில் இருந்த விரிப்பு பாதி மடிப்பில் நின்றது. அதை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு விறுவிறுவென்று மாடிப்படி இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவள் பழைய அறையில் யாரும் இல்லை, மதியச் சாப்பாட்டு நேரம். நான் வாசலிலேயே நின்றேன். அக்கா நேரே லென்ஸ் விளக்கிடம் போய் விரலால் கண்ணாடியைத் தடவினாள். விரலில் தூசி அப்பிக்கொண்டு வந்தது. ஆணியில் தொங்கிய அன்றைய தாளை எடுத்துப் பார்த்தாள். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளைக்கும் பதினோரு கட்டமும் நிரம்பியிருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே கிறுக்கல். சாயங்காலச் சாமான் இன்னும் ஆபரேஷன் மேஜையைவிட்டே இறங்கவில்லை.

அக்கா முகத்தை அன்றுதான் அப்படிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்துக் கோபமும் ஒரே நாளில் வந்து இறங்கின மாதிரி இருந்தது.

"மருத்துவர் அம்மா மேலதான் இருப்பாங்க" என்றாள். "இத எடுத்துட்டுப் போனா வேலையே போயிடும்."

"போகும்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

தாளை மேஜைமேல் விரித்தாள். பிறகு என் கைப்பையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"சிவப்புப் பேனா வச்சிருக்கியா?"

எடுத்துக் கொடுத்தேன். முப்பத்துமூன்று கட்டத்தின் மேலும் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அடியில், பொறுப்பு என்று இருந்த இடத்தில், தன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தத் தாளோடு மாடி ஏறினாள்.