தலைகீழாகப் பெய்த மழை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாத மதியம். கிழக்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பிரிண்டிங் கடை. அங்கே ஒரு வறட்சி வரைபடத்துக்காகக் காத்து நின்றேன்.

என் பிழைப்பே அதுதான். உலகம் முழுக்கப் பெய்யும் மழையைச் செயற்கைக்கோள் கொண்டு அளந்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எண்களாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த எண்களுக்கு நான் நிறம் கொடுப்பேன். காய்ந்த இடம் சிவப்பு, நனைந்த இடம் நீலம். அந்த முறை தெற்கே ஒரு மாவட்டம். கோடையில் குடிதண்ணீர் லாரி அனுப்பும் ஒரு தொண்டு நிறுவனம் கேட்டிருந்தது. சிவப்பில் இருக்கும் ஊர்களுக்கு லாரி போகும், நீலத்துக்குப் போகாது. மூன்று மணிக்குக் கூட்டம்.

இயந்திரம் நாக்கை நீட்டுவதுபோல் தாளை மெல்ல வெளியே தள்ளியது. வடக்கே சிவப்பு, நடுவில் மஞ்சள், தெற்கே நீலம். வறட்சி பார்க்க அழகாக இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. அன்றைக்கு அதுகூட இல்லை, பெருமைதான்.

லேமினேஷன் போடும் பெண் தாளை மேசையில் விரித்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும்.

“இன்னாக்கா இது, புடவை டிசைனா?”

எங்கே எவ்வளவு மழை பெய்தது என்று காட்டும் படம் என்றேன். மாவட்டத்தின் பெயரைப் படித்தவள், “அட, எங்க அம்மா ஊரு!” என்று விரலைக் கீழே ஓட்டினாள். தென்கோடியில் ஓர் ஊரில் விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

“இங்க நீலமா கீதே. நீலம்னா மழைதானே? பொய்க்கா. எங்க அக்காவ அங்கதான் கட்டிக் குடுத்துகீது. ஒரு கொடம் தண்ணிக்கு அடிச்சிக்கினு கெடக்குதுங்க.”

செயற்கைக்கோள் முழுசாகப் பார்க்கும், உன் அக்கா ஒரு தெருவைத்தான் பார்ப்பார் என்று பொறுமையாக விளக்கினேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

“சாட்டிலைட்டு கொடம் தூக்குமா?” என்றபடி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“வேலையப் பாரும்மா, மேடத்துக்கு டைம் ஆவுது” என்றார் கடைக்காரர்.

“இருண்ணா. லேமினேஷன் போட்டுட்டா அப்பால கிழிச்சித்தான் போடணும்.”

அங்கே மழை உண்டா என்று அக்காவைக் கேட்டாள். அக்காவின் குரல் வந்தது. “மழையா? ஊரணி வெடிச்சுக் கெடக்குடி. வடக்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் நாலு மழை பேஞ்சுச்சாம். இங்கிட்டு மேகம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது. தண்ணி லாரி விடப்போறாகளாம், அதத்தான் நம்பியிருக்கோம்.”

வடக்கே மழை, தெற்கே வறட்சி. என் படத்தில் அப்படியே மாறி இருந்தது. காகிதக் கட்டுகளின் மேல் லேப்டாப்பைத் திறந்தேன். கட்டங்களின் முதல் வரிசை வடக்கிலிருந்து தொடங்கும் என்று நினைத்து அடுக்கியிருந்தேன். இணையத்திலிருந்து எடுத்த அந்தக் கோப்பிலோ முதல் வரிசை தெற்கு. எல்லைக்கோடு சரி, ஊர்ப் பெயர்கள் சரி. உள்ளே மழை மட்டும் தலைகீழாகக் கிடந்தது. அதனால்தான் என் கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை.

படம் வரையும் நிரலில் ஒரே ஒரு வரியைத் திருத்தினேன். நீலம் மேலே ஏறியது. சிவப்பு தெற்கே இறங்கி, அந்த ஊரின் மேல் படிந்தது. ஓர் ஊர் சிவப்பானதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

புதுத் தாள் வந்தது. “இப்ப போடலாமாக்கா?” என்றாள். நீயே பார்த்துச் சொல் என்றேன். குனிந்து ஊரைத் தேடினாள், தலையாட்டினாள், போட்டாள். ஓடாத குறையாகக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் படத்தை வைத்துத்தான் பட்டியல் போட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாய் அந்தப் பக்கம் போனபோது, கடைக்குள்ளிருந்தே கத்தினாள்: “லாரி வந்துச்சாம்கா!” வெயிலில், பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் தப்பித்தது அவமானத்திலிருந்து என்று அன்றைக்கு நினைத்தேன்; உண்மையில் தப்பித்தது, நான் பார்த்தே இராத சில தெருக்களின் தாகத்துக்குக் காரணமாகிவிடுவதிலிருந்து என்பது புரிந்தபின், எந்தப் படத்தை முடித்தாலும் அதன் ஏதோ ஒரு நிறத்துக்குள் குடியிருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, “அங்கே மழை உண்டா?” என்று கேட்காமல் அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை.