கடைசிச் சுற்றில் நின்ற கார்

துபாயில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று அரிமளத்துக்குத் திரும்பி வந்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். மற்ற அப்பாக்கள் சென்ட்டும் போர்வையும் கொண்டுவருவார்கள். என் அப்பா ஒரு ஸ்டியரிங்கும் மூன்று பெடலும் கொண்டுவந்தார். அவற்றைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் திரையில் ரேஸ் கார் ஓடும். பிரேக்கை மிதிக்கும்போது பெடல் நழுவுகிறது என்று இரண்டு செங்கல்லை அண்டக்கொடுத்தார். பழைய வேனிலிருந்து கழற்றிய சீட் ஒன்றை எங்கிருந்தோ தூக்கிவந்து பலகையில் போல்ட் போட்டு முடுக்கினார். அதன்பிறகு ஊரைவிட்டு நகராமலே இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் போய்வந்தார். கடைத்தெருவுக்கு மட்டும் போவதில்லை. போனால் யாராவது, "திரும்ப எப்பப் போறீங்க?" என்று கேட்பார்கள்.

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. அப்பாவின் காரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் இணையத்தில் போட்டி நடக்கும். கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர், கொழும்பில் ஒரு பேங்க்காரர், இன்னும் பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் அப்பாவைப்போல ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். ஹெட்செட்டில் அவரை "அண்ணே" என்பார்கள். எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது என்று அவரைத்தான் கேட்பார்கள். பதில் சொல்லும்போது அப்பாவின் குரலே வேறாக இருக்கும்.

எனக்கு அந்தக் குரலைப் பிடிக்கவில்லை. கட்டுமாவடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் படகு காட்டுவதாகச் சொல்லியிருந்தார். மூன்று ஞாயிறு போய்விட்டது. நான்காவது ஞாயிறு நானே பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, அவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னைக்குக் கடைசி ரேஸ் பாப்பா. இதுல ஜெயிச்சா அப்பாதான் சாம்பியன். முடிச்சிட்டு வாரேன், அங்கிட்டுப் போய் வெளையாடு."

நான் போகவில்லை. சுற்றுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசிச் சுற்றில் அவருக்கு முன்னால் ஒரு காரும் இல்லை. ஹெட்செட்டில் யாரோ என்னவோ சொல்ல, அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எங்களோடு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. விறுவிறுவென்று வாசலுக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி, இரண்டு கையாலும் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டேன்.

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா பார்த்துவிட்டாள். நான் குதித்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவள் ஓடிவந்து சுவிட்சை மேலே தள்ளக் கையை வைத்த நேரத்தில் அப்பா வெளியே வந்தார். பக்கத்து வீட்டில் கரண்ட் இருந்தது, டிவி அலறிக்கொண்டிருந்தது. அப்பா அம்மாவின் கையையே பார்த்தார்.

"நீயா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். சொல்லாதே என்று நான் தலையை ஆட்டினேன்.

"ஆமா, நான்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார். போட்டி முடிந்திருந்தது. சாயங்காலமே திருப்புளியை எடுத்து எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

மறுவாரம் அப்பா என்னைக் கட்டுமாவடிக்குக் கூட்டிப்போனார். அம்மா வரவில்லை. நான் படகுகளை எண்ணினேன், ஐஸ் தின்றேன். அதன்பிறகு அவர்கள் இருவரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். "அம்மாவ சோறு எடுத்து வைக்கச் சொல்லு." "வச்சாச்சுன்னு அப்பாட்ட சொல்லு." கூடத்துக்கும் அடுப்படிக்கும் ஓடி ஓடிச் சேதி சொன்னேன். வீட்டில் என் மதிப்பு கூடிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் மாதம் அப்பா சவுதிக்குப் போனார். போனில் அம்மாவிடம், "பாப்பாட்ட குடு" என்பதைத் தவிர அதிகம் பேசியதில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

அடி விழும் என்று பயந்துதான் அன்று தலையை ஆட்டினேன். அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. நான்தான் என்று சொல்லியிருந்தால், சேட்டை என்று இரண்டு நாளில் மறந்திருப்பார். அம்மா செய்தாள் என்பதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. ஒன்பது வயதில் எனக்கு அது விளங்கவில்லை. விளங்கிய வயதில் சொல்ல வாய் வரவில்லை.