அந்தக் கத்தரிப்பூ

சிஞ்ஞோராவுக்கு, அதாவது நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவுக்கு, கைதான் நடுங்கும், கண் நடுங்காது. எண்பது வயது தாண்டிய அமெரிக்க ஓவியர். வுச்சீரியாச் சந்தைக்கு மேலே நான்காம் மாடியில் தனியாக இருக்கிறார். காலையில் நான் குடியிருக்கும் ஒரேத்தோவிலிருந்து நடந்து போய்ச் சமைத்து, வீடு துடைத்து, தூரிகை கழுவிக் கொடுப்பது என் வேலை. ஏழு வருடமாகிறது. நல்ல மனுசி என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இளவயதில், மற்றவர்கள் ஆளையும் மரத்தையும் வரைந்துகொண்டிருக்க, இவர் ஆளுயரத் துணி முழுக்க ஒரே நிறத்தைப் பூசி வைத்தாராம். சிரித்தவர்களே பிறகு வரிசையில் நின்று வாங்கினார்களாம். தாய் சாகக் கிடந்தபோது கட்டிலருகே இருந்து அந்த உதட்டின் நிறத்தைக் கலந்த கதையைப் பெருமையாகச் சொல்வார். அதற்குப் பிறகு தாயின் முகம் தனக்கு வருவதே இல்லை, கலந்த நிறம்தான் வரும் என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒருநாள் பழைய பட்டுத் திரை ஒன்றைத் தந்து, தூரிகை துடைக்கத் துண்டு துண்டாக வெட்டச் சொன்னார். எனக்குக் கத்தரிக்கோல் ஓடவில்லை. ஏன் என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொன்னேன். வன்னியில் கடைசிச் சண்டையில் சாக்குக் கிடைக்காமல் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பிப் பங்கர்க் குழியைச் சுற்றி அடுக்கினோம். கடைசியாக அம்மா வெட்டியது, தங்கச்சி பெரியபிள்ளையானபோது கட்டிய சாமத்தியச் சேலை. அந்த மூட்டைக்குப் பின்னால் இருந்தபோதுதான் ஷெல் விழுந்து தங்கச்சி போனாள்.

"என்ன நிறம்?"

சிஞ்ஞோரா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கத்தரிப்பூ என்றேன். அவருக்குத் தெரிந்தது சந்தையில் குவிந்து கிடக்கும் கத்தரிக்காய் மட்டும். என்னிடமோ தங்கச்சியின் படம் ஒன்றுகூட இல்லை. ஓடிய ஓட்டத்தில் ஆல்பம் களப்புத் தண்ணீரோடு போனது. முகமும் மங்கத் தொடங்கியிருந்தது. கண்ணை மூடினால் பழுதில்லாமல் வந்து நின்றது அந்த நிறம் ஒன்றுதான்.

மறுநாள் முதல் தடவையாக என்னைக் கதிரையில் இருத்தினார். அட்டைத் துண்டில் ஒரு பூச்சு. "இதுவா?" இல்லை. இன்னொன்று. "இதுவா?" இல்லை. கண்ணை மூடு, சேலையைப் பார், திற. "இதுவா?" இப்படி மூன்று கிழமை. அழுதால், அழுது முடியும்வரை காத்திருப்பார். ஒருமுறை கண்ணீர் அட்டையில் விழுந்தது. ஒற்றி எடுத்துவிட்டுத் திரும்பவும் நீட்டினார்.

என் பெர்மெஸ்ஸோ முடிய இருந்தது. இந்த நாட்டில் இருக்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேலை ஒப்பந்தத்தில் இவருடைய கையெழுத்து வேண்டும். தாள் மேசையிலேயே கிடந்தது.

"முதலில் நிறம். பிறகு கையெழுத்து."

வியாழக்கிழமை குவெஸ்தூராவில், போலீஸ் கந்தோரில், எனக்கு நேரம் தந்திருந்தார்கள். புதன் பின்னேரம் அவர் நீட்டியது எத்தனையாவது அட்டையோ தெரியாது.

"ஓம், இதுதான்" என்றேன். பொய்.

அது இல்லை என்று தனக்கும் தெரியும், படத்துக்கு இது போதும் என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தக் கிழவியின் கையை முறிக்க வேண்டும் போல் இருந்தது. தாளை மடித்துக்கொண்டு போனேன்.

படம் இப்போது சுவரில், கதவளவு. தூசி தட்டுவது நான். படம் முடிந்த அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினேன். தங்கச்சியின் சேலை வரவில்லை. சுவரில் இருப்பதுதான் வந்தது. மாதக்கணக்கில் முயன்று பார்த்தேன். சாம்பல் விழுந்தது போன்ற அந்த நிறத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

போன கிழமை நான் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கும்போது, கிளிநொச்சியில் ஒரு புடவைக் கடையிலிருந்து அம்மா வீடியோவில் வந்தார். தங்கச்சியின் திவசப் படையலுக்கு அதே நிறத்தில் ஒரு சேலை வைக்க ஆசையாம்.

"கத்தரிப்பூ எண்டு கேட்டா, கடைக்காரன் பத்து எடுத்துப் போடுறான். எனக்கு ஒண்டும் ஞாபகத்திலை இல்லைப் பிள்ளை. உனக்குத்தானே எல்லாம் நினைவு. எது?"

பத்துச் சேலையையும் பார்த்தேன். எனக்கும் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? கொஞ்சமும் சந்தேகமில்லாமல் அம்மா காத்துக்கொண்டிருந்தார். சுவரைப் படமெடுத்து அனுப்பினேன்.

"இந்த நிறம், அம்மா."

அம்மா படத்தை உற்றுப் பார்த்தார். சேலைகளைக் கிளறி ஒன்றை எடுத்து, மடியில் வைத்துத் தடவினார்.

"ஓம் பிள்ளை, இதேதான். இப்பத்தான் எனக்கும் ஞாபகம் வருகுது. அந்தச் சேலையை நான் வெட்டின நேரமும் இதே நிறம்தான்."